பிரேக் குழாய் பக்கம் மாறியது

"டீச்சர், முட்டி மடங்குமாங்க? மடங்குனா கொஞ்சம் கீழ வந்து பாருங்க."

காருக்கு அடியிலிருந்து நாகராஜின் குரல் மட்டும்தான் வந்தது. வெளியே தெரிந்தவை கிரீஸ் படிந்த அவருடைய இரண்டு பாதங்கள்.

என் இடது முட்டி முழுதாக மடங்காது. உள்ளே ஒரு தகடும் சில திருகாணிகளும் இருக்கின்றன. அதனால் முதலில் தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்து, விரித்திருந்த சாக்கின் மேல் முதுகை இழுத்து இழுத்து உள்ளே போனேன். பென்னாகரம் ரோட்டில் போன மினி பஸ் ஒன்று வேகம் குறைந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி பட்டறையில் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பதை ஜன்னலோரக்காரர்கள் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கீழே துரு வாசமும் பழைய டீசல் வாசமும் கலந்து கிடந்தன. நாகராஜ் கைப்பேசி வெளிச்சத்தை ஓரிடத்தில் நிறுத்தினார். எஞ்சினிலிருந்து புகையைப் பின்னால் கொண்டுபோகும் தடித்த குழாய். பட்டறையில் அதை சைலன்சர் பைப் என்பார்கள். அதன் மேல், சுண்டுவிரலைவிட மெல்லிய இன்னொரு குழாய் சாய்ந்து படுத்திருந்தது.

"இந்த மெல்லிசு பைப்லதாங்க பிரேக் ஆயில் பின்சக்கரத்துக்குப் போவுது. இதைப் புடிச்சிருந்த கிளாம்ப் எப்பவோ உடைஞ்சிருக்கு. தொங்கி, சைலன்சர் மேலயே உக்காந்துடுச்சு பாருங்க."

இரண்டும் தொட்டிருந்த இடம் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. நடுவில் ஒரு விரல்கடை நீளத்துக்கு உரசி உரசி மினுங்கியது.

"சரி, அதனால என்ன?" என்றேன்.

நாகராஜ் வெளிச்சத்தைக் கீழே இறக்கினார். "அன்னிக்கு அண்ணன் என்ன சொன்னாருன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் என்று அவர் சொன்னது என் கணவர் சவரிமுத்துவை. அன்றைக்கு அவர் சொன்னதை நான் பதினோரு வருடமாக நம்பவில்லை. இந்த வாரப் பத்தியில் அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பல் டாக்டரின் அம்பாசடர்

சென்ற வாரம் பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரை காற்றில் போன கதையைப் படித்துவிட்டு இரண்டு பேர், "உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லையே" என்று கேட்டிருந்தார்கள். அவர் அப்படித்தான். வீட்டிலேயே ஒரு நாளைக்கு நாலு வரி பேசினால் அதிகம்.

சவரிமுத்துவுக்கு நிலம்தான் தொழில். தக்காளி, சாமந்தி, மழை பெய்தால் கேழ்வரகு. கார் வாங்கும் குடும்பமில்லை நாங்கள். தருமபுரியில் இருந்த பல் டாக்டர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தன் வெள்ளை அம்பாசடரை விற்றார். இவர் போய்ப் பார்த்தார். பார்த்ததோடு வராமல் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

அந்த வண்டியில் முதலில் இருந்தது பெட்ரோல் எஞ்சின். டாக்டருக்கு முன்பு வைத்திருந்த யாரோ, செலவு குறையும் என்று அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தார்கள். அப்போது நிறையப் பேர் செய்த வேலைதான். வண்டி கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தோம்.

ஞாயிறு பூசைக்கு எங்கள் தெருவில் நடக்க முடியாதவர்கள் எல்லாரும் அதில்தான் கோயிலுக்கு வருவார்கள். ஒரு திருவிழாவின்போது சப்பரம் வராமல் போய், சாமந்தி மாலை போட்ட மாதா சொரூபம் முன் சீட்டில் உட்கார்ந்து போனது. சவரிமுத்து அன்றைக்கு மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் ஓவர்டேக் செய்யும்போது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்படி ஓட்டுகிற மனிதர் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது வளைவு

என் அக்கா லூர்துவும் அவள் கணவர் அந்தோணியும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். ஒகேனக்கல் போய் மீன் சாப்பிட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. முந்தின நாள் தக்காளி லோடு. சவரிமுத்து விடியும்வரை ஏற்றிவிட்டு, குளித்து, இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து சாவியை எடுத்தார்.

பென்னாகரம் தாண்டி, மலை இறக்கம் தொடங்கும் முன்னால் சோதனைச்சாவடி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டிகள் வரிசையில் நின்றன. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. எங்கள் வண்டியில் பேட்டரி மந்தம். அணைத்தால் மறுபடி தள்ள வேண்டியிருக்கும் என்று எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார். அக்கா கொய்யாப்பழம் வாங்கி உப்புக்காரம் தொட்டு எல்லாருக்கும் நீட்டினாள்.

பிறகு இறங்கினோம். இரண்டு வளைவுகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவது வளைவுக்கு முன் சவரிமுத்துவின் முழங்கால் மேலும் கீழும் வேகமாக அசைவதைப் பார்த்தேன். "நிக்கல" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். கை பிரேக்கை இழுத்தார். வேகம் குறைந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் வெட்டிவிட்ட பாறை.

அவர் பாறைப் பக்கம் ஒடித்தார்.

இடது பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். என் கால் இரண்டு இடத்தில் உடைந்தது. மற்ற மூவருக்கும் சிராய்ப்போடு போனது.

ஆஸ்பத்திரியில்

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். அதைப் பார்க்க வந்த மெக்கானிக் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி புடிக்குதே" என்றார். இன்னொருவரும் மிதித்துப் பார்த்தார். அவரும் அதையேதான் சொன்னார்.

அதோடு முடிந்தது. ராத்திரி தூங்காதவர், உச்சி வெயில், இறக்கம். அந்தோணி மாமா எல்லாரிடமும் சொன்னார்: "சவரிமுத்து தூங்கிட்டாருங்க. கண்ணாடியில நான் பாத்தேன். கண்ணு சொருகிடுச்சு." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயந்திருந்தார். பயந்த மனிதருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. முழங்கால் ஆடியதும் "நிக்கல" என்றதும் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்த பதற்றம்தான் என்று நானும் முடிவுகட்டிவிட்டேன்.

சவரிமுத்து என் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னார். "ரீட்டா, காலு உள்ள போயிடுச்சு. பிரேக்கே இல்ல. பஞ்சு மாதிரி போயிடுச்சு."

காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வலி. கோபம். நான் சொன்னேன்: "தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டா என்னங்க குறைஞ்சு போயிடும்? யாரு உங்கள அடிக்கப் போறாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "சரி" என்றார். வெளியே போய் எனக்கு இளநீர் வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எந்த வண்டியின் ஸ்டீரிங்கையும் தொடவில்லை. தக்காளிப் பெட்டியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போவார். நசுங்கிய அம்பாசடர் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"யாரு வூட்டுல எழவு விழணும்?"

போன வருடம் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்களை வாங்கிப் புதுப்பித்து வைத்துக்கொள்வது அவருக்குப் பொழுதுபோக்கு. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். தார்ப்பாயை விலக்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

சவரிமுத்து, "இல்லீங்க, குடுக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். "பாம்பு குட்டி போடுது அதுக்கடியில. குடுத்தா என்னங்க?"

"அதுல பிரேக் நிக்காது. வாங்கிட்டுப் போயி, யாரு வூட்டுல எழவு விழணும்?"

பதினோரு வருடம் கழித்து அந்தப் பிரேக். எனக்கு உள்ளே சுர்ரென்று ஏறியது. இந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் பார் என்று நினைத்தேன். பெங்களூர்க்காரரிடம் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னேன். வண்டியைச் சரிசெய்து, பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு மெக்கானிக் வாயால் சொல்ல வைக்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான். அதில் நல்ல எண்ணம் எதுவும் இல்லை. அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் வண்டியைப் பட்டறைக்கு ஏற்றினேன்.

ஒரு மாலதியும் ஒரு 'பன்னி'யும்

நாகராஜைக் கண்டுபிடித்தது என் பழைய மாணவி மாலதி வழியாக. அவளுடைய கணவர் அவர். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் மாலதி கோபித்துக்கொள்வாள். நான் கடத்தூர்க்காரி. எங்கள் பக்கம் கன்னடம் காதில் விழாது. முதல் வேலை கிடைத்து எல்லையோரக் கிராமம் ஒன்றுக்குப் போன அன்று, மாலதியின் அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்து, "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டார். புதுச் சேலை, புதுக் குடை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. "வாங்க" என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் வார்த்தை என்று தலைமையாசிரியர் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. அந்த வீட்டில்தான் பிறகு மூன்று வருடம் மத்தியானச் சாப்பாடு.

நாகராஜ் நிதானக்காரர். முதல் மாதம் நசுங்கிய தகட்டைத் தட்டி எடுத்தார். அடுத்து எஞ்சின். எலி கூடு கட்டியிருந்த இடத்தையெல்லாம் சுத்தம் செய்து, ஒரு சனிக்கிழமை அதை ஓடவும் வைத்துவிட்டார். பிறகு பிரேக். மிதித்தால் ஆயிலைத் தள்ளும் உருளையைப் பிரித்து ரப்பர்களை மாற்றினார். சக்கரங்களிலும் மாற்றினார். புது ஆயில் ஊற்றினார். பழையபடி மிச்சமிருந்தது அந்த மெல்லிய குழாய் மட்டும்தான். அதைப் பார்க்கக் கீழே போனபோதுதான் என்னைக் கூப்பிட்டார்.

எட்டாம் வகுப்புப் பாடம்

காருக்கு அடியில் படுத்தபடியே நாகராஜ் விளக்கினார்.

"டீசல் எஞ்சின் மாத்துனப்ப சைலன்சரு இந்தப் பக்கம் வந்துடுச்சு. பிரேக் பைப் மொதல்லேர்ந்தே இந்தப் பக்கந்தான். மாத்துனவங்க பைப்ப நகத்தாம விட்டுட்டாங்க. ஓடுற வரைக்கும் காத்துபட்டு ஒண்ணும் தெரியாது. நின்ன எடத்துலயே எஞ்சின் ஓடிட்டிருந்தா சைலன்சர் சூடு பூரா இந்தப் பைப்ல ஏறும். உள்ள ஆயில் கொதிச்சிரும் டீச்சர். கொதிச்சு ஆவியாயிட்டா, நீங்க எத்தன தரம் மிதிச்சாலும் ஆவிதான் அமுங்கும். பிரேக் புடிக்காது."

"பின்சக்கரத்துக்கு மட்டுந்தானே? முன்னாடி புடிக்கணுமே?"

"இந்தப் பழைய வண்டில முன்னாடிக்கும் பின்னாடிக்கும் ஒரே ஆயிலுங்க. ஒரு எடத்துல ஆவின்னா எல்லாம் போச்சு."

"மறுநாள் ரெண்டு பேரு மிதிச்சுப் பாத்தாங்களே. நல்லா இருந்துச்சே."

"ஆறிட்டா மறுபடி ஆயிலாயிடும். கல்லு மாதிரி புடிக்கும்."

நான் எழுந்திருக்கவில்லை. எட்டாம் வகுப்பில் வருடா வருடம் ஒரு சோதனை செய்து காட்டுவேன். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் அடைத்து, அமுக்கச் சொல்வேன். அமுங்காது. காற்றை நிரப்பி அமுக்கச் சொல்வேன். உள்ளே போகும். பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். இருபத்தெட்டு வருடம் அந்தச் சிரிஞ்சு என் கைப்பையில் இருந்தது. "பஞ்சு மாதிரி போயிடுச்சு" என்று ஒருவர் என் கட்டிலருகில் நின்று சொன்னபோதும் அது அந்தப் பையில்தான் இருந்திருக்கும்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "இப்படி இருந்திருக்கலாம்னு சொல்றீங்க. இருந்துச்சான்னு எப்படித் தெரியும்?"

"எஞ்சின ஓடவிட்டுப் பாத்துடலாங்க" என்றார் நாகராஜ்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். எஞ்சினை ஓடவிட்டார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். கல். பாதி வழியிலேயே நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி. ஒவ்வொரு முறையும் கல்தான். மாலதி டீ கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். நான் சொன்னதுதான் சரி என்று ஒரு அற்பத் திருப்தி எனக்குள் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அரை மணி தாண்டியிருக்கும். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி மிதித்தேன்.

கால் உள்ளே போனது.

கீழே தகட்டில் போய் இடிக்கும்வரை எதுவும் தடுக்கவில்லை. எடுத்து மறுபடி மிதித்தேன். போனது. வேகவேகமாக மிதித்தேன். என் முழங்கால் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. வண்டி அசையாமல் பட்டறைக்குள் நிற்கிறது என்று தெரிந்தும் கை பிரேக்கைத் தேடிப் பிடித்து இழுத்தேன். மாலதி வந்து சாவியைத் திருகி அணைத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து மிதித்தபோது மறுபடியும் கல்.

பக்கம் மாறியது

போனில் சொல்லவில்லை. "பட்டறைக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் சாமந்திக்குத் தண்ணீர் கட்டிவிட்டு பஸ்ஸில் வந்தார்.

நாகராஜ் கீழே அழைத்துப்போய்க் காட்டினார். விளக்கினார். இரண்டு பேரும் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் சவரிமுத்து முதுகிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். நாகராஜிடம்தான் பேசினார்.

"இந்தப் பக்கமே வேண்டாங்க. அந்தப் பக்கமா கொண்டு போயிருங்க."

"அப்படித்தாண்ணா நெனச்சிருக்கேன். கொஞ்சம் நீளம் கூடும்."

"கூடட்டும்."

அன்றிலிருந்து அவருக்குப் பட்டறையே கதி. தொடர்ந்து நாலு நாள் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போனார். முதலில் ஒரு கட்டுக்கம்பியை வளைத்துப் பார்த்தார்கள். இடது பக்கச் சட்டத்தை ஒட்டி, சைலன்சர் கிட்டேயே வராமல், குறுக்குச் சட்டத்தின் மேலாக ஏறி, பின்சக்கரம் குதித்தாலும் உரசாத இடத்தில் இறங்கி. அந்தக் கம்பியைப் பார்த்துப் புது இரும்புக் குழாயை வளைத்தார் நாகராஜ். அவசரப்பட்டால் மடிந்துவிடும், ஓட்டை சுருங்கிவிடும். இரண்டு முறை மடிந்தது. மூன்றாவது சரியாக வந்தது. ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கிளாம்ப். சவரிமுத்து ஒவ்வொரு கிளாம்பையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

கடைசியில் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். நாகராஜ் திருகைப் பிடித்தார். மிதிக்க யாராவது வேண்டும் என்று சும்மா சொன்னார்.

சவரிமுத்து கதவைத் திறந்து உட்கார்ந்தார். டிரைவர் சீட்டில்.

"மிதிங்கண்ணா... புடிங்க... விடுங்க." "மிதிங்க... புடிங்க... விடுங்க." மத்தியானம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இறக்கம்

பெங்களூர்க்காரரிடம் கொடுக்கும் முன் இறக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார் சவரிமுத்து. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினோம். சோதனைச்சாவடி வரை நாகராஜ் ஓட்டினார். வரிசை எதுவும் இல்லை. ஆனாலும் ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் முக்கால் மணி நேரம் நின்றோம். சாவடியில் இருந்தவர் வந்து ஏதாவது ரிப்பேரா என்று விசாரித்தார்.

பிறகு நாகராஜ் இறங்கிப் பின் சீட்டுக்குப் போனார். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சவரிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது வளைவு வந்தது. பாறை இருந்தது. அதன்மேல் இப்போது ஏதோ விளம்பரம் எழுதியிருக்கிறார்கள். அவர் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்து வண்டியை முழுதாக நிறுத்தினார். நின்றது. மறுபடி கியர் போட்டு நகர்ந்தார். அடுத்த வளைவிலும் நிறுத்தினார். கடைசி வளைவு வரை ஒவ்வொன்றிலும் நிறுத்தினார். பின்னால் வந்த வேன்காரர் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்.

ஒகேனக்கல்லில் வண்டியை நிழலில் விட்டோம். நாகராஜ் மீன் வாங்கப் போனார். நாங்கள் இருவரும் வண்டியிலேயே இருந்தோம். தூரத்தில் தண்ணீர் இரைச்சல். எண்ணெய் மசாஜ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இவர்கள் அதற்கான ஆளில்லை என்று போய்விட்டார்.

"என்னங்க, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் பேசுனது தப்பு. உங்கள நம்பியிருக்கணும்."

அவர் ஸ்டீரிங்கில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நீ நம்பாதது ஒரு பக்கம் இருக்கட்டும். நானே நம்பலியே."

"என்ன சொல்றீங்க?"

"மொதல்ல தெளிவாத்தான் இருந்துச்சு. காலு உள்ள போனது இன்னும் காலுல இருக்கற மாதிரி. அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒருவேள கண்ணு சொருகியிருக்குமோன்னு வந்துடுச்சு. தூங்குனவனுக்குத் தூங்குனது தெரியாதில்ல? பிரேக்குன்னா வண்டிய யாருக்கும் குடுக்கக் கூடாது. நானுன்னா நான் ஓட்டக் கூடாது. எதுன்னு தெரியல. அதான் குடுக்கவும் இல்ல, ஓட்டவும் இல்ல. உன் காலப் பாக்கறப்பல்லாம் நாந்தான் பண்ணேனோன்னு இருக்கும்."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு கேட்டேன். "அந்தோணி மாமாவுக்கு நான் போன் போட்டுச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தார். கண்ணுக்கு நேராகத் தூரத்தில் பிடித்துக்கொண்டு பெயரைத் தேடினார். எதிர்முனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது.

"அண்ணா, நான் சவரிமுத்து பேசறேன். எல்லாரும் சௌக்கியந்தான். ஒண்ணுமில்ல, ஒரு விசயம் சொல்லணும்னு போட்டேன்." கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார். "அன்னிக்கு நான் தூங்கல."